கதையின் முதல் பக்கம்: எதைச் சொல்வது, எதை நிறுத்திவைப்பது

புதிதாகக் கதை எழுத வருபவர்களுக்குத் தொடக்கத்தைப் பற்றிக் கிடைக்கும் அறிவுரை பெரும்பாலும் ஒன்றுதான்: முதல் வரியிலேயே வாசகரைப் பிடித்துவிட வேண்டும். அறிவுரையில் தவறில்லை, ஆனால் எதைக் கொண்டு பிடிப்பது என்பதை அது சொல்வதில்லை. அதனால் முதல் வரியில் ஒரு பிணத்தையோ ஓர் அலறலையோ வைத்துவிட்டு, இரண்டாம் பத்தியிலிருந்து கதாபாத்திரத்தின் பிறப்பு, படிப்பு, குடும்பம் என்று பின்னோக்கிப் போகும் கதைகள் ஏராளமாக எழுதப்படுகின்றன. அவை தோற்பது சத்தம் போதாமையால் அல்ல. வாசகருக்கு உடனே தெரிய வேண்டியவற்றை அவை மறைக்கின்றன; பிறகு தெரிந்தால் போதும் என்பவற்றை முன்கூட்டியே கொட்டிவிடுகின்றன. இந்தப் பங்கீட்டைச் சரிசெய்துவிட்டால் தொடக்கத்தின் பெரும்பாலான குறைகள் தாமாகவே விலகும் என்பது என் கருத்து. இங்கே சொல்லப்போகும் படிகள் எல்லாம் அந்தப் பங்கீட்டைச் செய்வதற்கான வழிகளே.

பழைய தமிழ் நூல்கள் இந்த வேலையை வெளிப்படையாகவே செய்தன. ஒரு நூலின் பாயிரம், அதாவது முகவுரை, எவற்றையெல்லாம் காட்ட வேண்டும் என்று நன்னூல் என்ற இலக்கண நூல் ஒரு பட்டியலே தருகிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்று அடுத்த நூற்பா கூறுகிறது. இன்றைய சிறுகதைக்கும் நாவலுக்கும் பாயிரம் கட்டாயமில்லை. ஆயினும், இது எதைப் பற்றியது, எவ்வகை வாசகருக்கானது, படித்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்ற கேள்விகள் வாசகரின் மனத்திலிருந்து நீங்கிவிடவில்லை. புனைகதையின் தொடக்கம் அந்தக் கேள்விகளுக்கு, பதில் சொல்வதுபோலவே தெரியாமல் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. கடினம் அங்கேதான் இருக்கிறது.

முதற்படி: தொடக்கத்தைக் கடைசியில் முடிவுசெய்யுங்கள்

கதையை எங்கிருந்தேனும் எழுதத் தொடங்குங்கள். ஆனால் அந்தத் தொடக்கத்தை மெருகேற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். முதல் பத்தியைப் பலமுறை செதுக்கியவருக்கு அதன்மீது ஒரு பாசம் வந்துவிடுகிறது. பிறகு கதை வேறு திசையில் வளர்ந்தாலும் அந்தப் பத்தியை நீக்க மனம் வராது. கதையை வளைத்து அதற்குப் பொருத்தப் பார்ப்பார். முதல் வரைவின் தொடக்கம் பெரும்பாலும் வாசகருக்காக எழுதப்படுவதில்லை. எழுத்தாளர் கதைக்குள் நுழைவதற்காகத் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் குறிப்புகள் அவை. அவற்றை எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அப்படியே அச்சில் விட்டுவிடுவதுதான் தவறு.

அமெரிக்க எழுத்தாளர் எட்கர் ஆலன் போ 1842இல் எழுதிய ஒரு மதிப்புரையில், சிறுகதையாசிரியர் தாம் உண்டாக்க விரும்பும் ஒற்றை விளைவை முதலில் தீர்மானித்துக்கொள்ள வேண்டும் என்றும், முதல் வாக்கியமே அவ்விளைவை நோக்கிச் செல்லாவிட்டால் அவர் முதல் அடியிலேயே தோற்றுவிட்டார் என்றும் கூறினார். எழுத உட்காருவதற்கு முன்பே விளைவைத் தீர்மானித்துக்கொள்ளும் திறன் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பலருக்கு எழுதி முடித்த பிறகுதான் கதை எதைப் பற்றியது என்பதே தெரியவருகிறது. அத்தகையவர்கள் போவின் அளவுகோலைத் திருத்தும்போது பயன்படுத்தலாம். கதையின் இறுதி வரைவு கையில் இருக்கும்போது முதல் வாக்கியத்தை எடுத்து, இது இந்த முடிவை நோக்கித்தான் நிற்கிறதா என்று பார்ப்பது எளிது.

இனி வரும் படிகளை விளக்க ஒரு கதையை வைத்துக்கொள்வோம். கதிரேசன் ஒரு நாளிதழில் மெய்ப்புத் திருத்துபவர்; பக்கங்கள் அச்சுக்குப் போகும் முன் பிழை பார்ப்பவர். அவருக்கும் அண்ணன் சொக்கலிங்கத்துக்கும் நெடுங்காலமாகப் பேச்சில்லை. ஓர் இரவு மெய்ப்புக்கு வரும் பக்கத்தில் அண்ணனின் மரண அறிவித்தல் இருக்கிறது. பக்கம் அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருக்கிறது. துயரத்தில் இருப்போர் என்று அச்சாகியிருக்கும் பட்டியலில் கதிரேசனின் பெயர் இல்லை. சேர்ப்பதற்கு வேண்டிய பேனா அவர் கையிலேயே இருக்கிறது. கதையின் முடிவில், தன் பெயரைச் சேர்க்காமலேயே அவர் பக்கத்தை அனுப்பிவிடுகிறார்.

இரண்டாம் படி: எந்தக் கணத்தில் தொடங்குவது

கதையில் நடக்கும் எல்லாவற்றையும், கதைக்கு முன்பே நடந்தவற்றையும் சேர்த்து, கால வரிசையில் ஒரு தாளில் எழுதுங்கள். நம் கதைக்கு அந்தப் பட்டியல் ஏறத்தாழ இப்படி இருக்கும்: சகோதரர்களின் சிறுவயது, சண்டை, பேச்சு நின்றுபோன ஆண்டுகள், அன்று மாலை கதிரேசன் வேலைக்குக் கிளம்புவது, அலுவலகத்தில் நுழைவது, பக்கம் மேசைக்கு வருவது, அண்ணன் பெயரைக் காண்பது, தன் பெயர் இல்லாததைக் காண்பது, முடிவெடுப்பது. இனி ஒவ்வொன்றாகக் கைவைத்து, இதற்குப் பிறகும் இந்த மனிதர் நேற்றுப்போல இருக்க முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்ற பதில் முதன்முதலில் வரும் இடமே கதை உண்மையில் புறப்படும் இடம். அந்தக் கணத்திலோ அதற்குச் சற்று முன்போ தொடங்க வேண்டும்.

இங்கே அது அண்ணன் பெயரைக் காணும் கணம். இன்னும் ஒரு படி தள்ளி, தன் பெயர் இல்லாததைக் காணும் கணத்தில் தொடங்கினால் என்ன என்று ஒருவர் கேட்கலாம். தொடங்கலாம், கூர்மையும் கூடும். ஆனால் அப்போது வாசகர் ஒரே மூச்சில் மரணத்தையும் விடுபடலையும் தாங்க வேண்டியிருக்கும். விடுபட்டது யார், பட்டியல் எது, இறந்தவர் யார் என்று விளக்குவதற்குள் கூர்மை மழுங்கிவிடும். இரண்டு அதிர்வுகளுக்கு இடையில் சிறிது இடைவெளி இருப்பதே இந்தக் கதைக்கு நல்லது. மாலையில் அவர் வேலைக்குக் கிளம்புவதில் தொடங்குவது அதற்கு நேர்மாறான பிழை. வீட்டைப் பூட்டுவதும் தெருவைக் கடப்பதும் அவர் தினமும் செய்பவை. அவற்றைப் படிக்கும் வாசகருக்கு இந்த நாள் வேறானது என்பதற்கு எந்த அடையாளமும் கிடைப்பதில்லை.

நடுவிலிருந்து தொடங்குவது பற்றிய பேச்சு மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த ரோமானியக் கவிஞர் ஹொரேஸ், கிரேக்கப் புராணத்தில் வரும் டிராய்ப் போரைப் பாட வந்த நல்ல கவிஞர் அதை, போருக்குக் காரணமான ஹெலன் பிறந்த முட்டையிலிருந்து தொடங்குவதில்லை என்றும், கேட்பவரை நிகழ்வுகளின் நடுவே கொண்டுபோய் விடுகிறார் என்றும் எழுதினார். கிரேக்கக் கவிஞர் ஹோமரின் இலியட் காவியம் அந்தப் போரின் பத்தாம் ஆண்டில்தான் தொடங்குகிறது. ஆனால் இந்த உத்தியைப் புதியவர்கள் பயன்படுத்தும் விதத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஹோமரின் கேட்போர் அந்தப் போரையும் அந்த வீரர்களையும் முன்பே அறிந்தவர்கள். நம் கதாபாத்திரத்தை யாரும் அறியார். யாரென்றே தெரியாத இருவர் முதல் வரியில் வாள் சுழற்றினால் வாசகருக்கு யார் பக்கம் நிற்பது என்று தெரியாது. பக்கம் சாராத இடத்தில் பதற்றமும் எழாது. ஆகவே நடுவில் தொடங்குவது என்பதை, பரபரப்பான காட்சியில் தொடங்குவது என்று எடுத்துக்கொள்ளாமல், நெருக்கடி தொடங்கும் இடத்துக்கு அருகில் தொடங்குவது என்று எடுத்துக்கொள்வதே சரி.

மூன்றாம் படி: வாசகரை நிற்க வையுங்கள்

மெய்ப்புத் திருத்துபவர் கதையின் முதல் வரைவு இப்படி இருந்திருக்கலாம்:

“அன்று இரவு வானம் மேகமூட்டமாக இருந்தது. எங்கும் அமைதி நிலவியது. கதிரேசன் அலுவலகத்துக்குள் நுழைந்தார். அவர் அங்கே இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறார். அவருடைய தந்தை ஓர் ஆசிரியர். அண்ணன் சொக்கலிங்கம் அவரைவிட ஆறு வயது மூத்தவர். சிறுவயதில் இருவரும் இணைபிரியாமல் இருந்தனர்.”

இது சலிப்பூட்டுகிறது என்று யாரேனும் சொன்னதும், எழுதியவர் எதிர்த்திசைக்கு ஓடி இப்படி மாற்றுவார்:

“அந்தப் பெயரைக் கண்டதும் அவன் உலகமே இருண்டது. இல்லை, இது நடந்திருக்கவே முடியாது! அவன் கைகள் நடுங்கின. இருபது ஆண்டுகள். இருபது நீண்ட ஆண்டுகள்.”

இரண்டாவது வடிவம் முதலாவதைவிட மோசமானது என்பேன். முதலாவதில் வாசகருக்குத் தேவையற்ற செய்திகளேனும் கிடைத்தன. இதில் எதுவுமே இல்லை. எந்தப் பெயர், அவன் யார், எங்கே இருக்கிறான், எது நடந்திருக்க முடியாது என்பவற்றை எழுத்தாளர் தம் கைக்குள் மூடி வைத்துக்கொண்டு, அதைப் புதிர் என்று நம்புகிறார். கதிரேசனுக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றை, அவர் மனத்துக்குள்ளேயே நின்று கதை சொல்லும்போது வாசகரிடம் மறைப்பது ஒரு பொய்யான புதிர். கதாபாத்திரத்துக்கே தெரியாதது, அல்லது அவர் இன்னும் முடிவெடுக்காதது மட்டுமே உண்மையான எதிர்பார்ப்பைத் தரும்.

யார், எங்கே, எப்போது, என்ன செய்துகொண்டிருக்கிறார், நாம் யாருடைய கண்ணால் பார்க்கிறோம் ஆகிய ஐந்தும் முதல் பத்திக்குள், மிஞ்சினால் முதல் பக்கத்துக்குள், வாசகருக்குத் தெரிந்துவிட வேண்டும். இவற்றைத் தனித்தனி வாக்கியங்களாக அறிவிக்க வேண்டியதில்லை. ஒருவர் செய்யும் வேலையை அவர் செய்துகொண்டிருக்கும்போதே காட்டினால், இடமும் நேரமும் அந்த வேலையோடு ஒட்டிக்கொண்டே வந்துவிடும். மூன்றாவது வடிவத்தைப் பாருங்கள்:

“பக்கம் அச்சுக்குப் போக ஒரு மணி நேரம் இருந்தபோது மேசைக்கு வந்த மரண அறிவித்தலில், தன் அண்ணனுடைய பெயரில் ஓர் ஒற்று விடுபட்டிருப்பதைக் கண்ட கதிரேசன், முதலில் அந்த ஒற்றைச் சேர்த்தார்.”

மெய்ப்புத் திருத்துபவர் என்ற சொல்லே இதில் இல்லை; ஆனால் அவர் வேலை என்ன என்பது விளங்கிவிடுகிறது. இடம் விளங்குகிறது, நேரத்தின் நெருக்கடி விளங்குகிறது, நடந்தது மரணம் என்பதும் இறந்தது யார் என்பதும் ஒளிவுமறைவின்றிச் சொல்லப்பட்டுவிட்டன. மறைக்கப்பட்டது ஒன்றே ஒன்று: அண்ணனின் மரணச் செய்தியில் ஒருவருக்குப் பிழை ஏன் முதலில் கண்ணில் பட வேண்டும்? “முதலில்” என்ற சொல் இருப்பதால், அடுத்து என்ன செய்தார் என்ற கேள்வியும் உடன் எழுகிறது. அந்தக் கேள்விக்கான பதிலே கதை முழுவதும்.

நான்காம் படி: ஒரே ஒரு கேள்வியை எழுப்புங்கள்

தொடக்கம் ஒரு கேள்வியை எழுப்ப வேண்டும் என்பதைப் பலரும் அறிவர். அது எத்தகைய கேள்வி என்பதில்தான் தடுமாற்றம். “இங்கே என்ன நடக்கிறது?” என்று வாசகர் கேட்டால் அவர் குழம்பியிருக்கிறார் என்று பொருள். “இவர் இனி என்ன செய்வார்?” என்றோ, “இவர் ஏன் இப்படிச் செய்தார்?” என்றோ கேட்டால் அவர் கதைக்குள் வந்துவிட்டார். முதல் கேள்வியைச் சில வரிகளுக்கு மேல் யாரும் பொறுத்துக்கொள்வதில்லை. மற்ற இரண்டையும் சுமந்துகொண்டு முந்நூறு பக்கங்கள்கூட நடப்பார்கள்.

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்காவின் உருமாற்றம் என்ற கதை 1915இல் வெளிவந்தது. கிரகோர் சம்சா ஒரு காலையில் விழிக்கும்போது தன் படுக்கையிலேயே ஒரு பெரும் பூச்சியாக மாறியிருப்பதை அதன் முதல் வாக்கியம் சொல்லிவிடுகிறது. கதையின் மிகப் பெரிய நிகழ்வை அவர் மறைக்கவில்லை. பெயரோடும் இடத்தோடும் பொழுதோடும் அறிக்கை எழுதுவதுபோல எழுதுகிறார். ஏன் மாறினான் என்பதைக் கதை இறுதிவரை விளக்குவதுமில்லை. அடுத்த சில பக்கங்களில் சம்சாவின் கவலை, தவறவிட்ட ரயிலையும் வேலையையும் பற்றியதாக இருக்கிறது. இவன் இந்த உடலோடு இனி எப்படி இருப்பான் என்ற கேள்விக்கு வாசகரைத் திருப்புவதற்கு, நடந்தது என்ன என்ற கேள்வியை முதல் வாக்கியத்திலேயே தீர்த்துவிட வேண்டியிருந்தது. திடுக்கிடும் செய்தியைத் தணிந்த குரலில் சொல்வது எவ்வளவு பலன் தரும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

கேள்வி ஒன்றாக இருப்பதும் முக்கியம். முதல் பக்கத்தில் காணாமற்போன மோதிரம், கதவுக்கு வெளியே நிற்கும் அந்நியர், பிரிக்கப்படாத கடிதம் என்று மூன்றை வைத்தால், வாசகர் மூன்றையும் சம எடையில் நினைவில் வைத்துக்கொள்ளப் பார்ப்பார்; எது கதை என்று அவருக்குத் தெரியாது. ஒன்றை முன்னிறுத்தி மற்றவற்றைப் பின்னால் வரும் பக்கங்களுக்குக் கொடுங்கள்.

ஐந்தாம் படி: முதல் வாக்கியத்தின் இலக்கணம்

இந்தப் பகுதியில் சற்று நேரம் நிற்க வேண்டும். தொடக்கம் பற்றிய பொதுவான அறிவுரைகள் கதையமைப்பைப் பற்றியே பேசுகின்றன. தமிழில் எழுதுபவருக்கு மொழியே சில முடிவுகளை முதல் வாக்கியத்தில் எடுக்கச் சொல்கிறது. அவற்றை அறியாமல் எடுப்பவர்கள்தாம் அதிகம்.

முதலாவது, வினைமுற்றின் விகுதி. “சேர்த்தார்” என்று எழுதினால் கதைசொல்லி கதிரேசனிடமிருந்து ஒரு மரியாதையான தூரத்தில் நிற்கிறார். “சேர்த்தான்” என்று எழுதினால் கதைசொல்லி அவரைத் தன் வயதினராகவோ இளையவராகவோ பார்க்கிறார். அல்லது அவருடைய மனத்துக்கு மிக அருகில் போய்விடுகிறார். பெண் கதாபாத்திரங்களுக்கு “வந்தாள்” என்றும் ஆண்களுக்கு “வந்தார்” என்றும் ஒரே கதையில் காரணமின்றி எழுதப்படுவதைக் காணலாம். அது கதைசொல்லியைப் பற்றி எழுத்தாளர் உத்தேசிக்காத ஒரு செய்தியை வாசகருக்குச் சொல்லிவிடும். விகுதியைத் தேர்ந்தெடுப்பது கதைசொல்லியைத் தேர்ந்தெடுப்பதாகும். ஒருமுறை தேர்ந்தபின் கதை முழுவதும் அதையே பிடித்துக்கொள்ள வேண்டியிருப்பதால், முதல் வாக்கியத்தை இரண்டு வகையிலும் எழுதிப் பார்த்து, எது இந்தக் கதையின் குரல் என்று முடிவுசெய்யுங்கள்.

இரண்டாவது, தன்மையில் சொல்லப்படும் கதைகள். “நான்” என்ற சொல் இல்லாமலே “சேர்த்தேன்” என்ற வினை யார் பேசுகிறார் என்பதைச் சொல்லிவிடும். ஒவ்வொரு வாக்கியத்தையும் “நான்” என்று தொடங்கும் பழக்கம் முதல் பத்தியை மிக விரைவில் தட்டையாக்கிவிடுகிறது. அதே வேளையில், இந்தத் தன்மைவினை கதைசொல்லி ஆணா பெண்ணா என்பதைச் சொல்வதில்லை. முதல் பக்கத்தில் அது தெளிவாகாவிட்டால், வாசகர் தாமாகவே ஒன்றை எண்ணிக்கொண்டு படிப்பார். மூன்றாம் பக்கத்தில் அது தவறென்று தெரியும்போது கதை ஒருமுறை தடுக்கி விழும். அந்தத் தடுக்கலே உங்கள் நோக்கமாக இருந்தால் ஒழிய, முன்பே தெளிவாக்கிவிடுங்கள்.

மூன்றாவது, எடை விழும் இடம். தமிழ் வாக்கியத்தின் இயல்பான முடிவு வினைமுற்று; வாசகரின் கவனமும் அங்கேதான் போய் நிற்கும். ஆகவே முதல் வாக்கியத்தில் எது செய்தியோ அது கடைசிச் சொல்லுக்கு அருகில் இருக்க வேண்டும். மேலே காட்டிய வாக்கியத்தில் மரணம் நடுவில் போகிற போக்கில் வருகிறது. ஒற்றைச் சேர்ப்பது கடைசியில் வருகிறது. இந்த வரிசையே கதிரேசன் எப்படிப்பட்டவர் என்பதைச் சொல்கிறது. “கதிரேசன் ஒற்றைச் சேர்த்த அந்த மரண அறிவித்தல் அவருடைய அண்ணனுடையது” என்று திருப்பினால் செய்திகள் அவையே, ஆனால் வாக்கியம் ஒரு சாதாரணத் திருப்பத்தைக் காட்டிவிட்டு முடிந்துபோகும். அந்த மனிதர் காணாமற்போவார்.

நான்காவது, பெயரெச்சங்களின் வரிசை. “வந்த”, “விடுபட்ட”, “கண்ட” என்று பெயரெச்சங்களை அடுக்கிக்கொண்டே போக நம் மொழி இடம் தருகிறது. ஆனால் அவை தழுவும் பெயர் வரும்வரை வாசகர் எல்லாவற்றையும் நினைவில் தாங்க வேண்டும். இரண்டு, மூன்று அடுக்குகள் வரை ஒரு நல்ல இழுவிசை இருக்கும்; அதற்கு மேல் போனால் மூச்சு முட்டும். முதல் வாக்கியத்தை வாய்விட்டு ஒரே மூச்சில் படிக்க முடிகிறதா என்று பார்ப்பது போதுமான சோதனை. நீளமாக இருப்பதே பிழை என்று நினைக்க வேண்டாம். மூன்று சொற்களில் முடியும் தொடக்க வாக்கியங்கள் இப்போது ஒரு வழக்கமாகிவிட்டன. எல்லோரும் அப்படியே தொடங்கும்போது அதில் எந்த வலுவும் மிஞ்சுவதில்லை.

பேச்சுவழக்கைப் பற்றியும் ஒரு சொல். உரையாடலோடு கதையைத் தொடங்கினால், பேசுபவரின் வயது, உறவு, மனநிலை ஆகியவற்றை ஒரே வரியில் தந்துவிடலாம் என்பது உண்மை. ஆனால் பேசுபவர் யார் என்று அடுத்த வரியிலேயே தெரியாவிட்டால், அந்த வரி வெற்றிடத்தில் கேட்ட குரலாகிவிடும். வாசகர் திரும்பிப்போய் மறுபடியும் படிக்க நேரும். இரண்டு வரிகளுக்கு மேல் அடையாளமற்ற உரையாடலை வைக்காதீர்கள். கதையைச் சொல்பவரே பேச்சுவழக்கில் சொல்வதாக இருந்தால், அது முதல் வாக்கியத்திலேயே தொடங்கிவிட வேண்டும். எழுத்துத் தமிழில் இரண்டு பத்திகள் போய்விட்டு நடுவில் மாறினால் வாசகர் அதைக் கவனக்குறைவு என்றே எடுத்துக்கொள்வார்.

ஆறாம் படி: முன்கதையை நிறுத்திவைத்தல்

சகோதரர்கள் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதை எங்கே சொல்வது? கதிரேசன் தன் பெயர் பட்டியலில் இல்லாததைக் கண்ட பிறகுதான். அதற்கு முன் சொன்னால் அது ஒரு குடும்ப விவரம். அதற்குப் பின் வாசகரே அதைக் கேட்டு நிற்பார். முதல் பக்கத்தில் இருக்கும் ஒவ்வொரு முன்கதை வாக்கியத்தையும் அடித்துவிட்டு, நிகழும் காட்சி இன்னும் விளங்குகிறதா என்று படித்துப் பாருங்கள். விளங்கினால் அந்த வாக்கியம் அங்கே தேவையில்லை. விளங்காவிட்டால், விளங்குவதற்கு வேண்டிய அளவு மட்டும், ஒரு தொடராகவோ அரை வாக்கியமாகவோ, திரும்பி வரட்டும். “பேச்சு நின்றுபோன அண்ணன்” என்ற மூன்று சொற்கள் ஒரு பக்க வரலாற்றின் வேலையைச் செய்துவிடக்கூடும்.

அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வேயின் முதல் பெரிய நாவல் 1926இல் வெளிவருவதற்கு முன் அதன் பிரதியைப் படித்த சக நாவலாசிரியர் ஃபிட்ஸ்ஜெரால்ட், தொடக்கத்தைக் கடுமையாக விமர்சித்துக் கடிதம் எழுதினார். ஹெமிங்வே அந்தத் தொடக்கப் பகுதியை வெட்டிவிட்டார். வெட்டப்பட்டதில் முக்கியக் கதாபாத்திரங்களின் முன்கதைகள் இருந்தன. இந்தச் செய்தியை எடுத்துக்காட்டி, முன்கதையே கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை: அச்சான நாவலும் ஒரு கதாபாத்திரம் கல்லூரி நாள்களில் குத்துச்சண்டையில் வென்றவர் என்ற முன்கதையோடுதான் தொடங்குகிறது. வேறுபாடு என்னவென்றால், அந்தப் பட்டத்தைத் தாம் பெரிதாக மதிக்கவில்லை என்று கதைசொல்லி உடனே சொல்லிவிடுகிறார். முன்கதை வழியாகவே சொல்பவருக்கும் சொல்லப்படுபவருக்கும் இடையிலுள்ள உரசல் தெரிந்துவிடுகிறது. ஆக, முன்கதையைச் சொல்பவருக்கு அதில் ஒரு சார்பு இருக்கிறதா என்பதே கேள்வி. சார்பில்லாத முன்கதை விண்ணப்பப் படிவத்தைப் போன்றது.

தவிர்க்க வேண்டிய தொடக்கங்கள் என்று ஒரு பட்டியல் எல்லா இடங்களிலும் சுற்றிவருகிறது: தூக்கத்திலிருந்து விழித்தல், வானிலை, கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்து வருணித்தல், தொலைபேசி மணி, கனவென்று பிறகு தெரியவரும் காட்சி. கனவை நானும் தவிர்க்கவே சொல்வேன்; வாசகர் நம்பி முதலிட்ட கவனத்தை அது திருப்பித் தருவதில்லை. மற்றவற்றை முற்றாக விலக்க வேண்டியதில்லை. சம்சாவும் தூக்கத்திலிருந்துதான் விழித்தான். வானிலையே கதையின் நெருக்கடியாக இருந்தால் வானிலையோடு தொடங்கலாம். இந்தத் தொடக்கங்கள் பெரும்பாலும் எழுத்தாளருக்கு வேறெங்கே தொடங்குவதென்று தெரியாதபோது கைக்கு வருபவை என்பதே அவற்றின் மீதான ஐயத்துக்குக் காரணம்.

ஏழாம் படி: அளவும் வாக்குறுதியும்

சிறுகதைக்கும் நாவலுக்கும் இந்தப் படிகள் பொதுவே; அளவுதான் வேறு. இரண்டாயிரம் சொற்களில் முடியும் கதையில் இருநூறு சொற்களுக்குள் நெருக்கடி தலைகாட்டியிருக்க வேண்டும். நாவலில் முதல் அத்தியாயம் முழுவதையும் தொடக்கமாகக் கருதலாம். ஆனால் அதற்காக முதல் பக்கம் சும்மா இருக்கலாம் என்று பொருளில்லை. நாவலின் முதல் பக்கம் சிறிய ஒரு கேள்வியையும், முதல் அத்தியாயத்தின் முடிவு பெரிய ஒரு கேள்வியையும் எழுப்புவது நல்ல ஏற்பாடு. முன்னுரைபோல ஒரு தனி அத்தியாயத்தை வைத்து, பல ஆண்டுகளுக்கு முன் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கதையைத் தொடங்கும் வழக்கம் குறித்து எனக்கு உடன்பாடு குறைவு. அதை எழுதுபவர், வாசகரை இருமுறை தொடங்கச் சொல்கிறார். அந்தப் பகுதியை நீக்கினால் நாவல் குலைந்துபோகும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கம் கதையின் வகையையும் தொனியையும் குறித்து ஒரு வாக்குறுதி தருகிறது என்பதையும் மறக்கலாகாது. முதல் பக்கம் நகைச்சுவையாக இருந்தால் துயரமான கதையிலும் நகைச்சுவை தொடரும் என்று வாசகர் எதிர்பார்ப்பார். மாயம் நிகழக்கூடிய உலகம் என்றால், அதன் ஒரு சிறு அறிகுறியேனும் தொடக்கத்தில் இருக்க வேண்டும்; நாற்பதாம் பக்கத்தில் திடீரென்று ஒருவர் பறந்தால் வாசகர் ஏமாற்றப்பட்டதாக உணர்வார். துப்பறியும் கதையில் பிணம் எப்போது கிடைக்கும் என்பதைக் காட்டிலும், துப்பறிபவரின் கண் எதைக் கவனிக்கிறது என்பதை முதல் பக்கம் காட்டுவது பயனுள்ளது.

எட்டாம் படி: முடிவிலிருந்து திரும்பிப் பார்த்தல், பிறரிடம் கொடுத்துப் பார்த்தல்

கதை முடிந்ததும் கடைசிப் பத்தியையும் முதல் பத்தியையும் மட்டும் தனியே எடுத்து அடுத்தடுத்துப் படியுங்கள். இரண்டும் ஒரே மனிதரைப் பற்றியவையாக இருக்க வேண்டும். ஆனால் அவர் இருக்கும் இடம் மாறியிருக்க வேண்டும். நம் கதையில் முதல் பத்தியில் கதிரேசன் ஓர் எழுத்தைச் சேர்க்கிறார். கடைசியில் ஒரு பெயரைச் சேர்க்காமல் விடுகிறார். முடிவு இப்படியென்று தெரிந்த பிறகுதான், தொடக்கத்தில் ஒற்றுப் பிழை வேண்டும் என்பதே புலப்படும். முதல் வரைவில் அது இருந்திருக்க வாய்ப்பில்லை. தொடக்கத்தைக் கடைசியில் முடிவுசெய்யச் சொன்னதற்கு இதுவே காரணம்.

அடுத்து, முதல் பத்தியை மறைத்துவிட்டு இரண்டாம் பத்தியிலிருந்து படியுங்கள். கதை எதையும் இழக்காவிட்டால் முதல் பத்தியை நீக்கிவிடுங்கள். பிறகு மூன்றாம் பத்தியிலிருந்து படியுங்கள். வியக்கத்தக்க அளவு கதைகள் தம் மூன்றாம் பத்தியிலேயே தொடங்கிவிடுகின்றன. நீக்கிய பத்திகளில் இருந்த நல்ல தொடர்களை வேறு தாளில் எழுதி வைத்துக்கொள்ளலாம். அவற்றுள் ஒன்றிரண்டுக்குக் கதையின் நடுவில் இடம் கிடைக்கக்கூடும். அடுத்ததாக, மூன்று வெவ்வேறு தொடக்கங்களை எழுதுங்கள்: ஒன்று செயலில், ஒன்று கதைசொல்லியின் கருத்தில், ஒன்று பேச்சில். மூன்றையும் எழுதும் வரை எது பொருத்தமானது என்று தீர்ப்பளிக்க வேண்டாம்.

கடைசியாக, முதல் பக்கத்தை மட்டும், கதையைப் பற்றி ஏதுமறியாத ஒருவரிடம் கொடுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அதற்கு எல்லோரும் நாகரிகமான ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இது யாரைப் பற்றியது, அவர் எங்கே என்ன செய்துகொண்டிருக்கிறார், அடுத்து எதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள். முதல் இரண்டுக்கும் அவர் தடுமாறினால், சொல்ல வேண்டியதை நீங்கள் மறைத்திருக்கிறீர்கள். மூன்றாவதற்குப் பதில் வராவிட்டால், நிறுத்திவைக்க வேண்டியதைச் சொல்லிவிட்டீர்கள். மூன்றாவது கேள்விக்கு அவர் சொல்லும் பதில் உங்கள் கதை பேசும் பொருளிலிருந்து வேறாக இருந்தால், திருத்துவதற்கு முன் சற்று யோசியுங்கள். சில வேளைகளில் நீங்கள் எழுத நினைத்ததைவிட நல்ல கதை அந்தப் பதிலில் இருக்கும். அப்போது திருத்த வேண்டியது முதல் பக்கத்தையா, அதற்குப் பிறகு வரும் பக்கங்களையா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும்.